உர்சுலாத்தாயி லேபிள்

தாயில்பட்டி
20-1-1962

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு அம்மாச்சி முத்துப்பேச்சியின் ஆசீர்வாதம். காளியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாருக்கும் சுகம். எனக்கு இடது முட்டி மட்டும் பனிக்குப் பிடித்துக்கொள்கிறது, வெயில் ஏறினால் விட்டுவிடுகிறது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிய ஆவல்.

பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். ஆளாளுக்கு உன்னைத்தான் விசாரித்தார்கள். பம்பாய் சேட்டுக்கு மால்டா என்கிற தீவில் பட்டுக்கடை இருக்கிறது, என் மகள் வயிற்றுப் பேரன் அங்கே பெரிய வேலை பார்க்கிறான் என்று நிமிர்ந்து சொன்னேன். நம் போர்மேன் கோட்டைச்சாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமில்லையா? "கடையிலே எங்க உக்காந்திருக்காரு? கப்பல்ல வர்றவகளுக்கு ஊரைச் சுத்திக் காட்டுறாராம்லே" என்று கரும்பைக் கடித்துக்கொண்டே சொல்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். பி.ஏ. படித்தவனுக்கு இது என்ன வேலை? விவரமாக எழுது. நாலு பேரிடம் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வேண்டும்.

நம் வெடிக் கம்பெனியைப் பார்க்க ஆள் இல்லை. எனக்கும் வயதாகிறது. உன் அம்மா வள்ளித்தாய் போய் ஐந்து வருஷம். நீ போய் மூன்று. இரண்டு இடமும் காலியாகவே கிடக்கிறது.

அந்தத் தீவிலும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி போடுவார்கள் என்று முன்னே ஒரு வரி எழுதியிருந்தாய். எந்தச் சாமிக்கு? அதையும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
முத்துப்பேச்சி

*

வலேட்டா, மால்டா
11-2-1962

அன்புள்ள அம்மாச்சிக்கு, ஜெயச்சந்திரன் வணக்கம். நான் நலம். எண்ணெய் வைத்தால் இந்தக் காற்றுக்குத் தலையெல்லாம் மண் ஒட்டுகிறது. ஆனாலும் வைக்கிறேன். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

கோட்டைச்சாமி சொன்னது உண்மைதான். இந்தியாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் லண்டன் போகிற சில கப்பல்கள் இங்கே ஒரு பகல் நிற்கும். அதில் விருப்பப்பட்டவர்களைக் காலையில் துறைமுகத்தில் ஏற்றி, தீவைக் காட்டி, சாயங்காலம் சேட் கடையில் இறக்கிவிடுவேன். ஒரு தடவைக்கு எட்டுப் பேர். வேனில் அதற்கு மேல் இடமில்லை.

முதலில் வலேட்டா. நானூறு வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் படை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பிப்போன பிறகு கட்டிய கோட்டை நகரம். அடுத்து இம்தினா என்கிற பழைய தலைநகர். அங்கே சந்தில் நாம் செருமினால் அடுத்த தெருவில் கேட்கும், அத்தனை அமைதி. பிறகு மோஸ்டா கோயில். யுத்தத்தில் விமானத்திலிருந்து விழுந்த குண்டு அதன் கும்மட்டத்தைத் துளைத்து, ஜெபத்தில் இருந்த ஜனங்களுக்கு நடுவில் விழுந்து, வெடிக்காமலே கிடந்தது. கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். நான் மட்டும் மனதுக்குள் 'மருந்து நமுத்திருக்கும்' என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் வளர்ப்பு.

கடைசி நிறுத்தம் ஹால் மிர்தா என்ற கிராமம். சப்பாத்திக்கள்ளி வேலியும் வறண்ட காடுமாக நம் பக்கம் மாதிரியே இருக்கும். அங்கே உர்சுலா என்ற புனிதையின் கோயில். ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிழா. ஊர்க்காரர்களே வெடி செய்து அவளுக்குப் போடுகிறார்கள். அந்தப் பாதிரியார் கதவைத் திறந்தால்தான் என் சுற்றுலா முழுசாகும். அவரால் இன்னொன்றும் ஆக வேண்டும். நான் இங்கே தங்குவதற்கான அனுமதி ஆகஸ்டோடு முடிகிறது. புதுப்பிக்க ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையெழுத்து வேண்டும். அவரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. நீங்கள் கேட்டதற்காக உர்சுலாவின் படம் ஒன்று இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பின்னால் கோயில் விலாசமும் அச்சாகியிருக்கிறது.

கம்பெனிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், அம்மாச்சி. அந்தப் புரட்டாசி மழையில், ஈரம் பட்ட அலுமினியத் தூள் மருந்து தானாகச் சூடேறியதை நான் மறக்கவில்லை. சூடு எவ்வளவு என்று தொட்டுப் பார்க்கத்தான் அம்மா உள்ளே போனாள், அந்த நேரம் பார்த்து வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு வெடியையும் கையால் தொட்டதில்லை.

வணக்கத்துடன்,
ஜெயச்சந்திரன்

*

வலேட்டா
15-4-1962

அன்புள்ள அம்மாச்சிக்கு வணக்கம். நான் நலம். உங்களிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. முட்டி எப்படி இருக்கிறது? கடைசியில் நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எட்டுப் பேரில் ஒரு மதராஸ் அம்மாள். இம்தினாச் சந்தில் நின்று, "இவ்வளவு அமைதியா இருக்கே, இங்கே யாரும் குடியிருக்கலையா?" என்று கேட்டார். மேலே ஜன்னல் திறந்து ஒரு கிழவி பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை.

சிரிப்பீர்கள் என்று எழுதினேன். பதில் போடுங்கள்.
ஜெயச்சந்திரன்

*

தாயில்பட்டி
18-5-1962

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு ஆசீர்வாதம். முட்டிக்கு என்ன, அது என்னோடுதான் போகும். மற்றபடி சுகம். நீ சுகமா? கோபமும் இல்லை, தாபமும் இல்லை. ஒரு காரியத்தில் இருந்தேன், அது முடியட்டும் என்று எழுதாமல் இருந்தேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நம் முருகன் கையில் வேல் மாதிரி இவள் கையில் அம்பு. முகத்தில் என்ன ஒரு அமைதி! புதுச் சரக்கின் முதல் பெட்டி சாமிக்கு என்பது நம் கம்பெனி வழக்கம், உனக்குத் தெரியும். இந்த வருஷம் நீ இருக்கிற இடத்துச் சாமிக்கே முதல் பெட்டி என்று முடிவு பண்ணினேன். உனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கோயில் அல்லவா?

திருத்தங்கல் பிரஸ் அய்யாதுரையிடம் படத்தைக் கொடுத்து, வெடிக்கு ஒட்டுகிற லேபிளாக ஐந்து கலரில் போட்டு வாங்கினேன். நெற்றி வெறிச்சென்று இருந்தது. "என்ன அத்தை, பொம்பளை சாமிக்குப் பொட்டில்லாம எப்படி?" என்று அவனே ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தான். அம்சமாக இருக்கிறது. ஒவ்வொரு வெடியிலும் உர்சுலாத்தாயி முகம். லைசென்சு பேப்பர் எல்லாம் சரி பார்த்து, பம்பாய் ஏஜெண்டு மூலமாகக் கப்பலில் ஏறிவிட்டது. உன் பேருக்கு இல்லை, நேரே கோயில் பாதிரியார் பேருக்கு. படத்தின் பின்னால் இருந்த விலாசம்தான்.

எல்லாம் அலுமினியத் தூள் போட்ட முதல் தரச் சரக்கு. சத்தத்துக்குத் தீவே திரும்பிப் பார்க்கும். மகள் போனதும் முத்துப்பேச்சி பயந்துவிட்டாள் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சத்தம். தொழில் என்றால் தொழில்.

திருவிழா அன்று நீ பக்கத்தில் நின்று பார்த்து எழுது.
முத்துப்பேச்சி

*

வலேட்டா
1-6-1962

அம்மாச்சிக்கு வணக்கம். நலம். உங்கள் நலம் கேட்டு எழுதக்கூட இப்போது எனக்கு நிதானம் இல்லை. பம்பாய் ஏஜெண்டுக்கு நேற்றே தந்தி கொடுத்தேன். வழியில் ஏடன் துறைமுகத்தில் இறக்கிவிடச் சொல்லியாவது பெட்டியை நிறுத்துங்கள்.

என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியவில்லை. இங்கே உர்சுலாவின் பாதத்தைக் குனிந்து முத்தமிடுகிறார்கள். அவள் படம் தரையில் விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றுகிறார்கள். அந்த முகத்தைத் திரி வைத்துக் கொளுத்தித் துண்டு துண்டாகத் தெருவில் சிதறவிடச் சொல்லி, பாதிரியாருக்கே அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் என் பாட்டி கம்பெனிப் பேரில். எனக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? ஹால் மிர்தாவுக்குள் என்னை விடுவார்களா? அந்த ஊர் இல்லாவிட்டால் சேட்டுக்கு நான் எதற்கு?

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.
ஜெயச்சந்திரன்

*

தாயில்பட்டி
14-6-1962

ஜெயச்சந்திரனுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். அங்கே உனக்குச் சுகம் இல்லை போலிருக்கிறது.

நம் லட்சுமியைத் தீபாவளிக்கு ஊரெல்லாம் கொளுத்துகிறார்கள். எந்த லட்சுமி கோவித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள்? வெடித்த தாள் வாசல் நிறையக் கிடந்தால் பெருமை என்று காலையில் பெருக்காமல் விடுகிறவர்கள் நாம். சாமி முகத்தைப் போடுவது மரியாதைக்கு. முகம் தெரியாத வெடியை எவன் வாங்குவான்? வெள்ளைக்காரச் சாமி என்றால் மட்டும் ரோஷம் அதிகமோ?

கோட்டைச்சாமியிடம் சொன்னேன். "சாமி கோவிச்சா மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஆளுக கோவிச்சாத்தான் கஷ்டம்" என்றான். அவனும் உன் கட்சி.

கப்பல் சூயஸ் கால்வாய்ப் பக்கம் போயிருக்கும் என்று ஏஜெண்டு எழுதிவிட்டான். நிறுத்த முடியாது. நிறுத்தவும் எனக்கு மனசில்லை. நீ உன் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நிமிர்ந்து போ.
முத்துப்பேச்சி

*

வலேட்டா
8-7-1962

அம்மாச்சிக்கு வணக்கம். நான் உயிரோடு நலமாக இருக்கிறேன். இதை நிதானமாகப் படியுங்கள். படித்த உடனே எனக்குத் தந்தி கொடுக்க வேண்டும். என்ன கேட்கிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை எட்டுப் பேரோடு ஹால் மிர்தா கோயிலுக்குள் நுழைகிறேன், பீடத்துக்கு முன்னால் உங்கள் பெட்டி. பாதிரியார் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கர்மேனு. ஊரில் வெடி செய்கிறவர்களுக்கு அவர்தான் மூத்தவர். ஒரு வெடியை எடுத்து, நூல் சுற்றியிருக்கிற இறுக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல கை" என்றார். பிறகு திருப்பினார். முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

என் கூட்டத்தில் மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருவர். அவர்தான் அந்த நேரம் பார்த்து, "அய்யே! இது நம்ம சிவகாசிச் சரக்கில்லே?" என்று உரக்கச் சொன்னார். பாதிரியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பாட்டி காணிக்கையாக அனுப்பியது, எங்கள் ஊரில் சாமி முகத்தை இப்படித்தான் மரியாதையாக வைப்போம் என்று சொன்னேன். "வெடிப்பதற்கா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவி வந்து எட்டிப் பார்த்தாள். அய்யாதுரை வைத்த பொட்டைப் பார்த்தாள். "காயம்! நெற்றியில் காயம்!" என்று மண்டியிட்டுவிட்டாள். உர்சுலா அம்பு பட்டு இறந்தவள். கடல் கடந்து வந்த முகத்தில் புதுக் காயம் தெரிகிறது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அம்மாச்சி, இப்போது அந்தப் பெட்டி பீடத்துக்கு அடியில் இருக்கிறது. மூடி திறந்தபடி. அதைச் சுற்றி ஊர்ப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறார்கள். நான் அணைத்தால் திரும்ப ஏற்றுகிறார்கள். கர்மேனுவுக்கு ஆபத்து தெரியும். காட்டில் இருக்கிற வெடிக் கொட்டகைக்குத் தூக்கிப் போகிறேன் என்றார். பெண்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். பாதிரியார் பிஷப்புக்கு எழுதியிருக்கிறாராம், பதில் வரும் வரை அசைக்கக்கூடாது என்கிறார். ஒரே ஒரு வழிக்குத்தான் ஒத்துக்கொள்கிறார். முகம் கிழியாமல் உரித்தெடுத்துத் தந்தால், வெடியைக் கொண்டுபோகலாம்.

காய்ந்த லேபிளை உரித்தால் கிழியும். தண்ணீரில் ஊறவைத்தால் முழுசாக வரும். ஆனால் அலுமினியத் தூள் போட்ட சரக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தில் என்னென்ன, எவ்வளவு? நனைக்கலாமா, கூடாதா? இங்கிருந்து நான் தந்தியில் வெடிமருந்து என்று எழுதினால் போலீசுக்குப் போகும். அதனால் கடிதம். நீங்கள் தந்தியே கொடுங்கள். ஆகஸ்டு ஐந்தாம் தேதி திருவிழா. அன்றைக்கு ஊர் முழுக்கக் கையில் மெழுகுவத்தியோடு அந்தப் பீடத்துக்கு வரும்.

ஜெயச்சந்திரன்

*

வலேட்டா
26-7-1962

அம்மாச்சிக்கு வணக்கம். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? என் கடிதம் வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தந்தி வரவில்லை.

நேற்றும் ஒரு கப்பல். நேற்றும் எட்டுப் பேர். கோயிலை விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். காயம்பட்ட முகத்தைப் பற்றிக் கப்பலிலேயே கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள், அதைத்தான் முதலில் காட்டு என்கிறார்கள். வாசலிலேயே நிறுத்தி, தூரத்திலிருந்து பாருங்கள் என்று கதை சொன்னேன். ஒரு குழந்தை மட்டும் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் மெழுகு வழிந்து உறைந்திருக்கிறது.

நனைக்கலாமா? ஒரு வார்த்தை.
ஜெயச்சந்திரன்

*

தாயில்பட்டி
1-8-1962

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு அம்மாச்சியின் ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ நல்லபடி இருக்க வேண்டும், அது ஒன்றுதான்.

நேற்றுக் கொடுத்த தந்தி இதற்குள் உன் கையில் இருக்கும். "அலுமினியம் இல்லை. நனை." அதுதான் சத்தியம். நீ நம்புவதற்காக விவரமும் எழுதுகிறேன்.

உன் அம்மா காரியம் முடிந்த மறுநாள் அலுமினியத் தூள் கலக்கிற செட்டுக் கொட்டகையை நானே பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. அன்றையிலிருந்து ஒரு குத்துத் தூள் நம் கம்பெனிக்குள் வரவில்லை. கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த வெறும் கருமருந்துதான், நனைந்தால் சூடேறாது. கோட்டைச்சாமிக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மருந்தைக் கெட்டித்து, நூலை நெருக்கிச் சுற்றி அந்தச் சத்தத்தை வரவைக்கிறோம். லேபிள் கஞ்சிப் பசையால் ஒட்டியது. நனைத்தால் கழன்று வரும். வெடி செத்துப்போகும். சாகட்டும்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. தந்தி கொடுத்தது முப்பத்தொன்றாம் தேதி. நடுவில் என்ன என்று நீ கேட்காதே.

சிவகாசித் தந்தி ஆபீசில் நல்ல கூட்டம். சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஏஜெண்டுகளும் என் பின்னால்தான் நின்றார்கள். அங்கே எழுத்து வேலை பார்க்கிற சீனிச்சாமி பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, அலுமினியம் இல்லையா? யாருகிட்ட இல்லை?" என்று வெற்றிலை வாயோடு கத்துகிறான்.

"எங்கிட்ட இல்லைலே" என்றேன்.

"உங்க சரக்கிலேயா? அம்புட்டுச் சத்தமும் வெறும் கருமருந்தா?"

"ஆமா. அஞ்சு வருசமா. உனக்கு எழுதத் தெரியுமா, நான் வேற ஆளைப் பாக்கட்டுமா?"

எழுதினான். பின்னால் ஒருத்தன் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பெனிக்கு ஒரு குறையும் இல்லை. சீசன் நன்றாகவே இருக்கிறது. நனைத்த பிறகு கைகளை நன்றாகக் கழுவு.
முத்துப்பேச்சி

*

வலேட்டா
14-8-1962

அன்புள்ள அம்மாச்சிக்கு வணக்கம். நான் நலம். ஊரும் நலம்.

தந்தி வந்தபோது உங்கள் கடிதம் வரவில்லை. மே மாதம் அலுமினியம் என்று எழுதியதும் நீங்கள், இப்போது இல்லை என்பதும் நீங்கள். எதை நம்புவது? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறீர்களோ என்றும் நினைத்தேன். திட்டாதீர்கள்.

பாதிரியாரிடம் கேட்டு ஒரே ஒரு வெடியை வாங்கிக்கொண்டு, ஆள் இல்லாத பாறைக்கரைக்குப் போனேன். கர்மேனுவும் கூட வந்தார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தண்ணீரில் முக்கி எடுத்து, பாறை மேல் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் சூடேறுகிறதா என்று தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அம்மா செய்ததைத்தான் நானும் செய்ய வேண்டியிருந்தது. கையை அதன்மேல் வைத்தேன். எடுக்கவில்லை. என் கைச் சூட்டையே அதன் சூடு என்று நினைத்து இரண்டு தடவை எழுந்து ஓடினேன். கர்மேனு சிரிக்கவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே இருந்தேன். அது குளிர்ந்தே கிடந்தது, அம்மாச்சி.

மறுநாள் கோயில் முற்றத்தில் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர். வழி மறித்த அதே பெண்கள்தான் சுற்றி உட்கார்ந்து உரித்தார்கள். ஒவ்வொரு முகமும் முழுசாகக் கழன்று தண்ணீரில் மிதந்து வந்தது. கயிறு கட்டிக் காயப்போட்டோம். பொட்டு மட்டும் லேசாகக் கரைந்தது. அது காயம் இல்லை, எங்கள் ஊரில் பெண்களுக்கு வைக்கிற மங்கலம் என்று பாதிரியார் முன்னால் சொன்னேன். பெருக்குகிற கிழவி யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் ஊர்க்காரர்கள் அவளைத் தங்கள் பெண்ணாக எடுத்துக்கொண்டீர்கள்" என்றாள். வீட்டுக்கு ஒரு முகம் கொண்டுபோனார்கள்.

திருவிழா நடந்தது. பாதிரியார் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் இருக்கலாம்.

நீங்கள் கேட்காதே என்றதை நான் கேட்கவில்லை.
ஜெயச்சந்திரன்

*

வலேட்டா
20-9-1962

அன்புள்ள அம்மாச்சிக்கு வணக்கம். நான் நலம். ஆகஸ்டு கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நேற்று வந்த எட்டுப் பேரில் விருதுநகர் லட்சுமிகாந்தம் இருந்தார், பருத்தி வியாபாரி. தாயில்பட்டி முத்துப்பேச்சி பேரன் என்று சொன்னதும் வேனிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏய்யா, நீரா அது! ஒங்க பாட்டி தந்தி ஆபீசுலே வச்சுத் தன் கம்பெனியைத் தானே கொளுத்திட்டாகளே! சத்தத்துக்குப் பேர் போன சரக்கு வெறும் கருமருந்துன்னு ஊரே சிரிச்சது. அன்னிக்கே ஏஜெண்டுக ஆர்டரைத் திருப்பி வாங்கிட்டாக. செட்டெல்லாம் பூட்டிக் கெடக்கு" என்றார். இம்தினா வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

சீசன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நான் வரட்டுமா? பாதிரியார் கொடுத்த அனுமதி என் பெட்டியில் இருக்கட்டும். ஒரு வார்த்தை எழுதினால் சேட்டிடம் சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் ஏறுகிறேன். செட்டுக்குள்ளும் வருவேன். இப்போது என்னால் தொட முடிகிறது.

ஜெயச்சந்திரன்

*

தாயில்பட்டி
5-10-1962

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு அம்மாச்சி முத்துப்பேச்சியின் ஆசீர்வாதம். இங்கே மழை பிடித்துவிட்டது. முட்டி அதைவிட முன்னால் பிடித்துவிட்டது. நீ அந்தக் காற்றில் காதை மூடிக்கொண்டு போ.

வராதே.

லட்சுமிகாந்தம் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க. செட் பூட்டியிருந்தது வெள்ளையடிப்பதற்கு. வெள்ளையடித்த சுவர் காய வேண்டாமா? நீ இப்போது வந்து இறங்கினால், தொழில் படுத்ததும் கிழவி பேரனை இழுத்துக்கொண்டாள் என்று அதே வாய்தான் பேசும். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். உன் எட்டுப் பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கிவிடுகிற வேலை சின்ன வேலை இல்லை. கோட்டைச்சாமியிடமே அதைச் சொன்னேன். "நான் எப்பங்க சின்ன வேலைன்னேன்?" என்கிறான். பொங்கலுக்குச் சிரித்தது மறந்துவிட்டது அவனுக்கு.

இந்த மாதம் உன் அம்மா திதிக்குப் பிறகு, பூட்டிய அந்தச் செட்டைத் திறந்தோம். அங்கேதான் இப்போது பெண்கள் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறார்கள். மருந்து உள்ளே வராது, பசைச் சட்டி மட்டும்.

லேபிள் புதுசு. அய்யாதுரை வந்து, "இந்தத் தடவை எந்தச் சாமி முகம் அத்தை?" என்று கேட்டான்.

"ஒரு முகமும் வேண்டாம்லே. எழுத்தைப் பெருசாப் போடு."

"என்னன்னு?"

"அலுமினியம் இல்லாத வெடி. அதுக்குக் கீழே, சத்தம் கொஞ்சம் கம்மி, கை பத்திரம்."

"கம்மின்னு போட்டா எவன் அத்தை வாங்குவான்?" என்றான். போடச் சொன்னேன். சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். தெருவிலிருந்தே படிக்கலாம்.

மூன்று ஏஜெண்டுகள் வந்தார்கள். கையில் எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆர்டர் ஒன்றும் வரவில்லை. நாங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

முத்துப்பேச்சி